அண்ணே, மீனு முட்டை போட்டுடுச்சு! – சிக்லிட் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் ஈசூன்ல நாலு ரூம் வீடு, அதுல ஆறு டேங்க், ஏழாவது வந்தா நான் எங்க அம்மா வீட்டுக்கு போயிடுவேன்னு வீட்டுக்காரம்மா சொல்லி நாலு வருஷம் ஆச்சு, அதனால ஆறோட நிறுத்தியிருக்கேன். தீபாவளிக்கு வர்ற சொந்தக்காரங்க முறுக்கை கடிச்சுக்கிட்டே டேங்க் முன்னாடி நின்னு கேக்குறது, வேலை இடத்துல கூட்டாளிங்க கேக்குறது, ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்ஆப்ல மங்கலா ஒரு போட்டோ அனுப்பிட்டு "அண்ணே இது என்ன வெள்ளையா ஒட்டியிருக்கு"ன்னு கேக்குறது, எல்லாத்துக்கும் ஒரே பதிலை திரும்ப திரும்ப டைப் பண்ணி விரல் தேஞ்சு போச்சு. அதான் மொத்தமா இங்க எழுதி வெச்சுட்டேன், இனிமே யாராச்சும் கேட்டா இதையே அனுப்பிடலாம்.

சிக்லிட்னா எந்த மீனு?

ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கார், ராம், கான்விக்ட், கிரிபென்சிஸ், லுவோஹான், அப்பறம் கடையில "ஆப்பிரிக்கன்"னு ஒரே பேர்ல விக்கிற மஞ்சளும் நீலமுமா இருக்குற மீனுங்க, எல்லாம் ஒரே குடும்பம். ஊர்ல ஜிலேபி மீன்னு சொல்றோமே திலாப்பியா, அதுவும் இதுல சேர்ந்ததுதான். கேரளாக்காரங்க வாழை இலையில மடிச்சு பொரிக்கிற கரிமீனும் சிக்லிட்தான். ஆக எனக்கு சிக்லிட்னா என்னன்னே தெரியாதுன்னு சொல்ற பாதி பேரு அதை குழம்பு வெச்சு சாப்பிட்டவங்க. பேர் வெச்ச இனமே 1,700க்கு மேல இருக்கு, அதுல ஆப்பிரிக்கா ஏரிங்களுக்கும் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காவுக்கும்தான் பெரும்பங்கு, இந்தியாவுக்கு சொந்தமா வந்தது மூணே மூணு இனம்.

மத்த மீனெல்லாம் முட்டையை போட்டுட்டு போயிட்டே இருக்கு, இதுக்கு மட்டும் எதுக்கு இவ்வளவு பாசம்?

பாசம்னு சொல்லணும்னா சொல்லிக்கோங்க, நான் கணக்குன்னு சொல்வேன். கடல்ல இருக்குற பெரிய மீனுங்க பலதும் லட்சக்கணக்குல முட்டையை தண்ணில விட்டுடும், அதுல ரெண்டு மூணு பொழைச்சா போதும். சிக்லிட்டுக்கு அந்த வசதி இல்ல. ஒரு கான்விக்ட் ஜோடி போடுறது நூறு, இருநூறு முட்டை, ஆஸ்கார் ஆயிரத்தை தாண்டும், ஆப்பிரிக்காவோட மலாவி ஏரியில பாறையை சுத்தி வாழ்ற சின்ன மீனுங்க இருபது முப்பது முட்டையோட நிறுத்திக்கும். முட்டை குறைய குறைய காவல் கூடும், இதான் சூத்திரம். சுத்தி இருக்குறவன் எல்லாம் முட்டை திருடன், அதனால இந்த குடும்பத்துல பிள்ளையை பாத்துக்காத இனமே இல்லன்னு சொல்லலாம், யார் பாத்துக்குறாங்க எப்படி பாத்துக்குறாங்கங்கறதுலதான் வித்தியாசம்.

மேலோட்டமா ரெண்டு வகை. ஒண்ணு கல்லு, இலை, குகை சுவர் மாதிரி ஒரு இடத்துல முட்டையை ஒட்ட வெச்சு காவல் காக்குறது, இதுல பெரும்பாலும் அப்பா அம்மா ரெண்டு பேரும் இருப்பாங்க. ரெண்டாவது முட்டையை வாய்க்குள்ள வெச்சுக்குறது, இதுல பெரும்பாலும் அம்மா மட்டும். ரெண்டுக்கும் நடுவுல ஆயிரம் கூத்து இருக்கு, கீழ வரும்.

என் ஏஞ்சல் ஜோடி முட்டை போட்டுச்சு, மறுநாள் காலைல பாத்தா ஒண்ணுகூட இல்ல, தின்னுடுச்சா?

தின்னுடுச்சு. திட்டாதீங்க, பாவம்.

இந்த கேள்விதான் மாசத்துக்கு நாலு தடவை வரும், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். முட்டை போட்டு பாதுகாக்குறது மீனுக்கு பெரிய செலவு, அந்த நேரத்துல சரியா சாப்பிடாது, தூங்காது, வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சண்டை போடணும். இந்த தடவை தேறாதுன்னு அதுக்கு பட்டுச்சுன்னா முட்டையில இருக்குற சத்தையாச்சும் திரும்ப எடுத்துக்கிட்டு அடுத்த தடவைக்கு தயாராகும். முட்டை ரொம்ப கொஞ்சமா இருந்தா, பாதி பூஞ்சை புடிச்சிருந்தா, டேங்க்ல வேற மீனு சுத்திக்கிட்டே இருந்தா இப்படி நடக்கும். அப்பறம் நீங்க. ஆமா நீங்கதான். குடும்பமே வரிசையா வந்து கண்ணாடியில மூக்கை ஒட்ட வெச்சு பாக்குறது, பசங்க தட்டுறது, ராத்திரி லைட்டை பட்டுன்னு அணைக்கிறது, ஃபிளாஷ் போட்டு படம் எடுக்குறது, இதெல்லாம் அந்த மீனுக்கு எதிரி வந்துட்டான்ங்கற சேதி.

முதல் தடவை ஜோடி சேர்ந்ததுங்க ரெண்டு மூணு தடவை சொதப்பும், அப்பறம் புடிச்சுக்கும். என்னோட பழைய கருப்பு ஏஞ்சல் ஜோடி அஞ்சு தடவை தின்னுச்சு, ஆறாவது தடவை நான் டேங்க்கோட மூணு பக்கமும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பேப்பரை ஒட்டிட்டு, ராத்திரிக்கு ஹால்ல ஒரு சின்ன நைட் லேம்ப் மட்டும் போட்டு விட்டேன், அறுபது குஞ்சுக்கு மேல வந்துச்சு. முட்டையை தனியா எடுத்து, பூஞ்சை புடிக்காம இருக்க மெத்திலீன் ப்ளூங்கற மருந்தை ஊத்தி பொரிக்க வைக்கலாம், பண்ணைக்காரங்க அப்படித்தான் பண்றாங்க, அவங்களுக்கு எண்ணிக்கை முக்கியம். வீட்டுல வெச்சு ரசிக்கிறவங்க அப்படி எடுத்துட்டா பாக்க வேண்டியதையே தூக்கி வெளிய போட்ட மாதிரி, என் கட்சி முட்டையை அதுங்ககிட்டயே விடுங்கங்கறதுதான்.

தின்னல, ஆனா ரெண்டு நாள்ல எல்லா முட்டையும் வெள்ளையாயிடுச்சே?

வெள்ளைன்னா செத்த முட்டை, கரு சேரல. லேசான தேன் கலர்ல கண்ணாடி மாதிரி இருந்தா உயிர் இருக்கு. நூத்துல பத்து வெள்ளையா இருந்தா பயப்படாதீங்க, அம்மாவே ஒவ்வொண்ணா பொறுக்கி எடுத்துடும், அதை பாத்துட்டுதான் பல பேரு முட்டையை தின்னுதுன்னு எனக்கு போன் பண்றீங்க.

நூத்துக்கு நூறும் வெள்ளைன்னா உங்க "ஜோடி" ரெண்டும் பொம்பளையா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். ஏஞ்சல்ல ஆம்பளை இல்லாட்டி ரெண்டு பொம்பளையே ஜோடி சேர்ந்து கல்லு தேய்ச்சு முட்டை போட்டு மாத்தி மாத்தி விசிறி காவலும் காக்கும். நான் ஒரு கடையில "கேரண்டி ஜோடி அண்ணே, போன மாசம்தான் முட்டை போட்டுச்சு"ன்னு சொன்னதை நம்பி எம்பது வெள்ளி குடுத்து வாங்கிட்டு வந்தேன். அவர் சொன்னது பொய்யில்ல, முட்டை போட்டது நிஜம். ரெண்டும் போட்டுச்சு.

அப்ப ஆணு பொண்ணு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

ஏஞ்சல், டிஸ்கஸ் ரெண்டுலயும் சும்மா பாத்து சொல்றவரை நம்பாதீங்க. முட்டை போடுற நேரத்துல வயித்துக்கு கீழ ஒரு சின்ன குழாய் வெளிய வரும், பொம்பளைக்கு தடிமனா மொட்டையா இருக்கும், ஆம்பளைக்கு ஒல்லியா கூர்மையா இருக்கும், அப்ப மட்டும்தான் உறுதியா சொல்ல முடியும். கான்விக்ட்ல ஈஸி, பொம்பளைக்கு வயித்துல ஆரஞ்சு கலர் இருக்கும், மீனுல பொம்பளை கலர்ஃபுல்லா இருக்குறது அபூர்வம். கிரிபென்சிஸ்லயும் பொம்பளை வயிறு செர்ரிப்பழம் மாதிரி சிவந்து, அதுவே போய் ஆம்பளை முன்னாடி உடம்பை வளைச்சு காட்டும். அபிஸ்டோகிராமான்னு தென் அமெரிக்காவுல ஒரு குட்டி சிக்லிட் இருக்கு, அதுல ஆம்பளை பெருசு, ஒருத்தனுக்கு மூணு நாலு குகை, குகைக்கு ஒரு பொண்டாட்டி, சாயந்திரம் ரவுண்ட்ஸ் மட்டும் போவான், பிள்ளை வளக்குறது எல்லாம் அவளுங்க தலையில.

தண்ணியை பொறுத்து ஆணு பொண்ணு மாறுமாமே?

ஒரு சிலதுல மாறும். கிரிபென்சிஸ் முட்டையும் குஞ்சும் புளிப்புத்தன்மை கூடுன தண்ணில வளந்தா ஆம்பளை நிறைய வரும், அபிஸ்டோகிராமாவுல சூடும் சேர்ந்துக்கும், சூடு கூடினா ஆம்பளை கூடும். நம்ம ஊர்ல ஏர்கான் இல்லாத ரூம்ல டேங்க் தண்ணி 29, 30 டிகிரியில சும்மாவே நிக்குது, அதனால "அண்ணே எல்லாம் ஆம்பளையாவே வருது"ன்னு அபிஸ்டோ வெச்சிருக்குறவங்க புலம்புறதுல நியாயம் இருக்கு, ஒரு சின்ன ஃபேன் மாட்டி பாருங்க.

முட்டை போட்டதுல இருந்து குஞ்சு நீந்துற வரைக்கும் எத்தனை நாள்?

ஏஞ்சல், கான்விக்ட், டிஸ்கஸ் எல்லாம் நம்ம சூட்டுல ரெண்டரை மூணு நாள்ல பொரியும். பொரிஞ்சதும் நீந்தாது, வாலை மட்டும் ஆட்டிக்கிட்டு இலையிலயோ குழியிலயோ ஒட்டிக்கிட்டு இருக்கும், வயித்துல இருக்குற மஞ்சக்கருவே அதுக்கு சாப்பாடு. இந்த நேரத்துல அப்பாவும் அம்மாவும் குஞ்சுங்களை வாயில அள்ளி ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு மாத்திக்கிட்டே இருக்கும், இதை பாத்துட்டும் "தின்னுது அண்ணே"ன்னு போன் வரும். திங்கல, வீடு மாத்துது. ஒரே இடத்துல இருந்தா அழுக்கு சேரும், எதிரி மோப்பம் புடிப்பான். முட்டை போட்ட ஆறாவது ஏழாவது நாள்ல கூட்டமா எழும்பி நீந்தும். சாயந்திரம் இருட்டப்போகுதுன்னா அதுங்களை ஒவ்வொண்ணா வாயில புடிச்சு குழிக்குள்ள துப்பி படுக்க வைக்கும் பாருங்க, ஒண்ணு ரெண்டு வாலுப்பசங்க நழுவி ஓடும், மறுபடியும் துரத்தி புடிக்கும், எங்க வீட்டுல ஒம்பது மணிக்கு நடக்குறது அப்படியே அங்க நடக்கும்.

கொன்ராட் லோரன்ஸ்னு ஒரு ஆஸ்திரிய விஞ்ஞானி, மிருகங்களோட நடத்தையை ஆராய்ஞ்சதுக்காக 1973ல நோபல் பரிசை மத்த ரெண்டு பேரோட பகிர்ந்துக்கிட்டவர், ஜுவல் சிக்லிட் வெச்சிருந்தாரு. ஒரு நாள் சாயந்திரம் அப்பா மீனு வாய் நிறைய புழுவை மென்னுக்கிட்டு இருக்கு, அப்ப பாத்து வழி தவறுன குஞ்சு ஒண்ணு கண்ணுல பட்டுடுச்சு, பழக்கத்துல லபக்குன்னு அதையும் வாயில எடுத்துடுச்சு. ஒண்ணு முழுங்கணும், ஒண்ணு முழுங்கக்கூடாது. அப்படியே அசையாம நின்னுச்சாம், அப்பறம் ரெண்டையும் தரையில துப்பிட்டு, ஒரு கண்ணை குஞ்சு மேலயே வெச்சுக்கிட்டு நிதானமா புழுவை முதல்ல தின்னு முடிச்சுட்டு, குஞ்சை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு போச்சாம். மீனு யோசிக்குமான்னு கேக்குறவங்களுக்கு நான் இந்த கதையைத்தான் சொல்றது.

டிஸ்கஸ் குஞ்சுங்க அப்பா அம்மா உடம்பை கடிக்குது, பிரிச்சு வெக்கணுமா?

ஐயோ பிரிச்சிடாதீங்க, அது கடிக்கல, பால் குடிக்குது. நிஜமான பால் இல்ல, ஆனா வேலை அதேதான். முட்டை போட்டதும் டிஸ்கஸ்ஸோட தோல்ல ஒரு வழுவழுப்பான சளி மாதிரி படலம் ஊறும், அப்பா உடம்புலயும் ஊறும் அம்மா உடம்புலயும் ஊறும். நீந்த ஆரம்பிச்சதும் குஞ்சுங்க நேரா போய் அதுலதான் ஒட்டும், ரெண்டு வாரத்துக்கு பெரும்பாலும் அதுதான் சாப்பாடு. 2010ல இங்கிலாந்துல பிளிமத் பல்கலைக்கழகத்துக்காரங்க இதை சோதிச்சு பாத்தாங்க, அந்த படலத்துல புரதமும் நோய் எதிர்ப்பு சக்தி குடுக்குற பொருளும் முட்டை போட்டதும் ஏறி மூணாவது வாரம் வரைக்கும் அப்படியே இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. மூணாவது வாரத்துல இருந்து அப்பா அம்மா கொஞ்சம் கொஞ்சமா குஞ்சுங்களை விட்டு விலகி நீந்தும், நம்ம வீட்டுல பால் மறக்கடிக்கிற மாதிரியே. ஒருத்தருக்கு அலுத்துடுச்சுன்னா உடம்பை ஒரு வெட்டு வெட்டும், கூட்டம் மொத்தமும் அடுத்தவர் மேல போய் ஒட்டிக்கும். "இந்தா, கொஞ்ச நேரம் நீ வெச்சுக்கோ"தான்.

இதனாலதான் டிஸ்கஸ் குஞ்சை அப்பா அம்மா இல்லாம வளக்குறது படாத பாடு. இந்தியா, இலங்கை கடலோரத்துல இருக்குற ஆரஞ்சு குரோமைடும், கரிமீனுக்கு தம்பி முறை, இதே மாதிரி தோல்ல இருந்து ஊட்டும்.

என் ஆப்பிரிக்கன் மீனு ஒரு வாரமா சாப்பிடல, தாடை வீங்கியிருக்கு, நோயா?

கடைக்கு ஓடி மருந்து வாங்காதீங்க, வாய் நிறைய பிள்ளை வெச்சிருக்கு. மலாவி ஏரி மீனுங்கள்ல பொம்பளை முட்டை போட்ட உடனே திரும்பி அதை வாயில அள்ளிக்கும், கிட்டத்தட்ட மூணு வாரம் அப்படியே, சாப்பாடு கிடையாது, வாயை மெல்ற மாதிரி அசைச்சு முட்டையை உருட்டிக்கிட்டே இருக்கும், எல்லா முட்டைக்கும் காத்து போகணும்ல. மெலிஞ்சு போகும், அதனால குஞ்சை வெளிய விட்டதும் ரெண்டு வாரம் தனியா வெச்சு நல்லா சாப்பாடு குடுங்க, நேரா பழைய டேங்க்ல விட்டீங்கன்னா ஆம்பளைங்க மறுபடியும் துரத்த ஆரம்பிச்சுடும்.

நடுவுல வலை போட்டு புடிக்காதீங்க, பதட்டத்துல துப்பிடும். சில பேரு வாயை திறந்து குஞ்சை உதறி எடுக்குறாங்க, ரொம்ப வருஷம் பழகுனவங்க பண்ணலாம், யூடியூப் பாத்துட்டு பண்ற வேலை இல்ல அது.

முட்டையை உடனே வாயில எடுத்துக்கிட்டா ஆம்பளை எப்ப கரு சேக்கும்?

நல்ல கேள்வி, பாலிடெக்னிக்ல படிக்கிற என் அக்கா மகன் கேட்டது. ஆம்பளையோட பின்பக்க துடுப்புல மஞ்சளா வட்ட வட்டமா புள்ளி இருக்கும், பாக்க முட்டை மாதிரியே. பொம்பளை அதை கீழ விழுந்த முட்டைன்னு நினைச்சு கவ்வப்போகும், அப்ப வாய் ஆம்பளைக்கு பக்கத்துல வரும், விந்து உள்ள போயிடும். 1962ல வொல்ஃப்காங் விக்லர்ங்கற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் இப்படி விளக்குனாரு. அப்பறம் 2012ல ஒரு இனத்தை வெச்சு சோதிச்சப்ப பொம்பளை அந்த புள்ளியை பெருசா கண்டுக்கல, மத்த ஆம்பளைங்கதான் புள்ளி உள்ளவனை பாத்து பயப்படுதுன்னு வந்துச்சு. இனத்துக்கு இனம் வேலை மாறும்போல, இருந்தாலும் பழைய கதைதான் சொல்ல சுவாரஸ்யம்.

எப்பவும் அம்மாதான் வாயில வெச்சுக்குமா?

பெரும்பாலும். ஆனா ஆப்பிரிக்காவோட தங்கனிக்கா ஏரியில எரெட்மோடஸ்னு குள்ளமா கோமாளி மூஞ்சியோட ஒண்ணு இருக்கு, அதுல முதல் பாதி அம்மா ஷிஃப்ட், ரெண்டாவது பாதி அப்பா ஷிஃப்ட். மேற்கு ஆப்பிரிக்காவுல கருந்தாடை திலாப்பியான்னு ஒண்ணு, அதுல அப்பா மட்டும்தான். இங்க கடையில கிடைக்கிற ரெட் ஹெட் தபாஜோஸ் முட்டையை கல்லுல போட்டு, பொரிஞ்சதுக்கு அப்பறம் ரெண்டு பேரும் வாயில எடுத்துக்கும். தென் அமெரிக்காவுல புஜுர்கினான்னு ஒரு மீனு முட்டையை கீழ கிடக்குற இலை மேல போடும், ஆபத்து வந்தா இலையோட புடிச்சு இழுத்துட்டு போயிடும், ஸ்ட்ரோலர் மாதிரி.

குயில் வேலை பாக்குற மீனு இருக்காமே?

இருக்கு, அதே தங்கனிக்காவுல. புள்ளி போட்ட ஒரு கெளுத்தி, கடையில குக்கூ கேட்ஃபிஷ்னு கேட்டா குடுப்பாங்க. சிக்லிட் முட்டை போடுற நேரம் பாத்து நடுவுல புகுந்து தன் முட்டையை கலந்துட்டு ஓடிடும், அம்மா அவசரத்துல எல்லாத்தையும் அள்ளி வாயில போட்டுக்கும். கெளுத்தி முட்டை முதல்ல பொரிஞ்சு, வாய்க்குள்ள இருக்குற சிக்லிட்டோட சொந்தப் பிள்ளைங்களை ஒவ்வொண்ணா தின்னு வளரும். குயில் குஞ்சாச்சும் காக்கா கூட்டுல சோத்துக்கு போட்டி போடுறதோட நிறுத்திக்கும்.

பெரிய குஞ்சு இருக்கும்போதே மறுபடியும் முட்டை போட்டுச்சு, அண்ணன்காரன் தம்பியை தின்னுடுவானா?

கான்விக்ட், ஏஞ்சல்னா தின்னுடுவான், இல்ல அப்பா அவனை அடிச்சு கொன்னுடும், பெருசுங்களை எடுத்துடுங்க. தங்கனிக்கா பிரின்சஸ் சிக்லிட்னா விடுங்க, அது கூட்டுக்குடும்பம். பெரிய பிள்ளைங்க வீட்டை விட்டு போகாம தங்கி, புது முட்டையை சுத்தம் பண்ணும், விசிறும், மண்ணை அள்ளி வெளிய கொட்டும், எதிரியை விரட்டும். சும்மா இல்ல, வெளிய போனா பெரிய மீனு தின்னுடும், அதனால வேலை செஞ்சு வாடகை கட்டுற மாதிரி. பிடிஓ, அதான் புதுசா கட்டுற அரசாங்க வீடு, கிடைக்கிற வரைக்கும் அம்மா வீட்டுல இருந்துக்கிட்டு பாத்திரம் கழுவி குடுக்குற நம்ம பிள்ளைங்களை நினைச்சுக்கோங்க.

கான்விக்ட் அடுத்தவன் குஞ்சையும் சேத்து மேய்க்குது, எண்ணத் தெரியாதா?

தத்து எடுக்குறது சிக்லிட்ல சாதாரணம், சில நேரம் கடத்திட்டே வரும். தன் குஞ்சை விட சின்னதா இருந்தா சேத்துக்கும், பெருசா இருந்தா விரட்டும், ஏன்னா பெருசு தன் பிள்ளையை தின்னுடும். கூட்டத்துல ஆள் கூடினா, எதிரி வந்து ஒண்ணை தூக்கும்போது அது தன் பிள்ளையா இருக்குற வாய்ப்பு குறையுது. மறுபடியும் கணக்குதான்.

இதை விட விநோதம், கென்னத் மெக்கே 1977ல நிகராகுவா ஏரி ஒண்ணுல பாத்து எழுதுனது. டோவி சிக்லிட் பெரிய வேட்டைக்கார மீனு, அதோட குஞ்சை வேற ஒரு சாதுவான இனத்து ஆம்பளை காவல் காத்துச்சு. அந்த டோவி பெருசானா, காவல் காத்த மீனுக்கு இடத்துக்கு போட்டியா வர்ற இன்னொரு மீனை தின்னு குறைக்கும்னு அவர் ஒரு விளக்கம் சொன்னாரு. எதிரிக்கு எதிரியை தூக்கி வளக்குறது அரசியல்ல மட்டும் இல்லபோல.

முட்டை போட்டதும் ஆம்பளை பொம்பளையை அடிக்குது, மத்த மீனையும் கொல்லுது, என்ன பண்ண?

ரெண்டடி டேங்க்ல பத்து மீனோட கான்விக்ட் ஜோடி விட்டா இதான் நடக்கும், மத்ததெல்லாம் ஒரே மூலையில ஒடுங்கி நிக்கும். ஜோடிக்கு தனி டேங்க் குடுங்க. ஆனா விரட்ட யாருமே இல்லாட்டி சில ஆம்பளை கோவத்தை பொண்டாட்டி மேல காட்டும், அதுக்கு பக்கத்து டேங்க்ல ஒரு மீனு கண்ணாடி வழியா தெரியுற மாதிரி வெச்சா அதை முறைச்சுக்கிட்டு இருக்கும், வீட்டுல சமாதானம். பொம்பளை ஒளிய ஒரு பூந்தொட்டியை சாய்ச்சு வைங்க.

ஜோடியை நீங்களா சேத்து வெக்காதீங்க, ஆறு குட்டி மீனு வாங்கி வளத்து அதுங்களே சேர்ந்துக்கட்டும். 2019ல ஃபிரான்ஸ்ல பர்கண்டி பல்கலைக்கழகத்துல கான்விக்ட் பொம்பளைங்களை வெச்சு பாத்தாங்க, தானா தேர்ந்தெடுத்த ஆம்பளையை பிரிச்சு எடுத்ததும் அந்த பொம்பளைங்க எதுலயும் நம்பிக்கை இல்லாம மந்தமா நடந்துக்க ஆரம்பிச்சுடுச்சாம். காதல் தோல்வின்னு பேப்பர்ல எழுதுனாங்க.

குஞ்சுக்கு என்ன சாப்பாடு, தண்ணி எப்படி மாத்துறது?

பிரைன் ஷ்ரிம்ப்ங்கற பொடி இறால் முட்டையை உப்புத்தண்ணில பொரிக்க வெச்சு ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை, வேற வழி இல்ல, பொடி தீனி மட்டும் போட்டா பாதி செத்துடும். ஃபில்டருக்கு ஸ்பாஞ்ச் போதும், வேற எதுவும் குஞ்சை உறிஞ்சிடும். நம்ம குழாய் தண்ணில வெறும் குளோரின் இல்ல, குளோராமின், அது ஒரு நாள் வாளியில வெச்சா போகாது, ஊர்ல தாத்தா பண்ணது இங்க எடுபடாது, குளோராமினுக்குன்னு போட்டிருக்குற மருந்தை வாங்கி ஊத்துங்க. இருந்தாலும் வாளியில தண்ணி புடிச்சு காரிடார்ல வெக்கிறவங்க மூடி வைங்க, என்இஏ, அதான் சுற்றுப்புற வாரியம், ஆபீசர் வந்து கொசுப்புழு பாத்தா அபராதம். கெத்தாப்பாங் இலை, அதான் நாட்டு வாதுமை, காஞ்சது ரெண்டு போட்டா பூஞ்சை கொஞ்சம் கட்டுப்படும், புளோக்குக்கு கீழயே கொட்டிக் கிடக்கும், கழுவிட்டு போடுங்க.

என் லுவோஹான் ஏன் அப்பாவாகவே மாட்டேங்குது?

கலப்பு மீனு, 1990கள்ல மலேசியாவுல பல மத்திய அமெரிக்க சிக்லிட்டை கலந்து உருவாக்குனது, ஆம்பளைங்கள்ல நிறைய மலடு. 2000 தொடக்கத்துல இங்க அதுக்கு வெறி புடிச்ச காலம் ஒண்ணு இருந்துச்சு, உடம்புல இருக்குற கருப்புக் கோட்டை பாத்து ஃபோர் டி லாட்டரிக்கு நம்பர் எடுப்பாங்க. பக்கத்து வீட்டு அங்கிள் இன்னும் ஒண்ணு வெச்சிருக்காரு, நம்பர் ஒரு தடவைகூட விழல, மீனை மட்டும் மகன் மாதிரி பாத்துக்குறாரு.

குஞ்சு அதிகமாயிடுச்சு, ரிசர்வாயர்ல விட்டா புண்ணியம்தானே?

இல்ல. சட்டப்படி தப்பு, அபராதம் உண்டு, மீனை விட்டா புண்ணியம்னு பல பேரு நினைக்கிற விசாக தினம் வந்தா நேஷனல் பார்க்ஸும் தண்ணி வாரியம் பியுபியும் விடாதீங்கன்னு ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கிட்டுதான் இருக்காங்க. ஏன்னா இவ்வளவு நேரம் நான் புகழ்ந்தேனே அந்த பிள்ளை வளக்குற திறமை, அதேதான் அங்க வினை. மொசாம்பிக் திலாப்பியாவையே எடுத்துக்கோங்க, ஆப்பிரிக்கா மீனு எப்படியோ ஜாவாவுக்கு வந்து, 1930கள் கடைசியில முஜாயிர்ங்கற ஒருத்தர் புடிச்சு வளத்து, அங்க அவர் பேரே மீனுக்கு பேராச்சு. ஜப்பான்காரன் காலத்துல அங்கிருந்து சிங்கப்பூருக்கு வந்துச்சு, பழைய ஆளுங்க ஜப்பான் மீனுன்னே சொல்வாங்க. 1952ல இலங்கையில இருந்து மண்டபத்துக்கு கொண்டு போனாங்க, இன்னைக்கு தமிழ்நாட்டுல அது இல்லாத கம்மா இருந்தா சொல்லுங்க. அம்மா வாயில குஞ்சோட எந்த ஓடையிலயும் பொழைச்சுக்கும். இங்க லோயர் பியர்ஸ் ரிசர்வாயர் பக்கம் தூண்டில்காரங்க ஆசையா தேடுற பீகாக் பாஸும் சிக்லிட்தான், அதுவும் ஜோடியா நின்னு குஞ்சை காக்கும், ஊர் மீனுங்க பலதுக்கும் அந்த காவல் கிடையாது, அதோட குஞ்சுதான் இதுக்கு சாப்பாடு.

அதனால செராங்கூன் நார்த் பக்கம் வரிசையா இருக்குற கடைங்கள்ல கேளுங்க, காசு குடுக்காட்டியும் சில பேரு தீனிக்கு மாத்திப்பாங்க, ரெண்டு இன்ச் வளந்ததா இருந்தா நல்லது. கான்விக்ட்டை மட்டும் யாரும் வாங்க மாட்டாங்க, சொல்லிட்டேன். அதுக்கு ஒரே வழி முட்டையோட விட்டுடுறது, பொது டேங்க்ல இருக்குற மத்த மீனுங்க பாத்துக்கும்.

ராத்திரி பதினொரு மணிக்கு போட்டோ அனுப்பி சந்தேகம் கேக்கலாமா?

அனுப்புங்க, முழிச்சுதான் இருப்பேன். ஃபிளாஷ் மட்டும் போடாதீங்க.